புத்தகத்தில் நான் எழுதிய நன்றிகள்

என் ஆசை அப்பாவுக்கு,

பாமன்கடையில் உங்களை வைத்திருந்த முதியோர் இல்லத்துக்கு விசாரணையில் அபராதம் போட்டுவிட்டார்கள். சந்தோஷப்படாதீர்கள். போட்ட கையோடு அதைப் பாதியாகக் குறைத்தும் விட்டார்கள். குறைந்ததற்குக் காரணம் உங்கள் மகள்தான்.

ஆஸ்பத்திரியில் எடுத்த உங்கள் படுக்கைப்புண் படங்களை விசாரணைக்குக் கொண்டுபோனேன். நேரத்துக்கு நேரம் உங்களைத் திருப்பிப் படுக்க வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை என்று டொக்டரும் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு இல்லத்தின் சட்டத்தரணி, வருகிறவர்கள் எழுதிவைக்கும் புத்தகத்தைத் திறந்தார்.

"அப்பாவை அருமையாகப் பார்க்கிறீர்கள். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்." ஞாயிறு தவறாமல் எழுதியிருக்கிறேன். பூசை முடிந்து கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து, உங்கள் அறையில் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பாடுபட்டு, போகும்போது சிரித்துக்கொண்டே எழுதிய வரிகள்.

"இது நீங்க எழுதினதுதானே, மிஸ்?"

"ஓம்."

வேறு என்ன சொல்ல? ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத்தானே தெரியும். ஒருநாள் ஈரமான படுக்கை விரிப்பைக் காட்டி நர்சிடம் சத்தம் போட்டேன். அடுத்த கிழமை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"சண்டை பிடிக்காத, மகள். நீ போயிருவ. நான்தானே இங்க இருக்கவேணும்."

அதன்பிறகுதான் புகழ்ந்து எழுதத் தொடங்கினேன். நன்றாக எழுதினால் உங்களை நன்றாகப் பார்ப்பார்கள் என்று நம்பினேன். என்ன மடத்தனம்! நான் ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் இன்று இருந்திருப்பீர்களோ? வீட்டுக்கே கூட்டி வந்திருக்கலாமே, அப்பா?

உங்கள் கட்டிலில் இப்போது வேறொருவர் படுத்திருக்கிறார். உங்கள் உடுப்புகளை எடுக்கப் போனபோது அவருடைய மகளிடம் நம்பர் வாங்கியிருந்தேன். நேற்று போன் எடுத்து, சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்டேன்.

"எங்கட அப்பா இன்னும் அங்கதானே இருக்கார், அக்கா," என்று அழுதாள். அவளைக் கோபிக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

மேன்முறையீடு செய்யப்போகிறேன். அந்தப் புத்தகத்தில் எழுதியதெல்லாம் பயத்தில் எழுதிய பொய் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். வாய் திறக்க முடியாத அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்துச் சொல்வேன். இது சத்தியம். நான் பேசியதற்காக அவர்கள் வஞ்சம் தீர்க்க, இனி அங்கே நீங்கள் இல்லையே, அப்பா.

பயந்தே உங்களைப் பறிகொடுத்த
உங்கள் மூத்த மகள்