நெல்லிக்காய்ப் பிரசங்கத்தின் மிகுதிப் பாதி

அனுப்புபவர்:
திருமதி பூரணம் முத்துக்குமாரு,
புளியடித்துறை,
நெல்லியடி வழி.

பெறுபவர்:
உயர்திரு சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
பிரதேச சுகாதாரப் பணிமனை.

விடயம்: தங்கள் உத்தியோகத்தர் புற்றுநோய் பற்றிப் பாதி பேசிவிட்டுப் பஸ் ஏறியமையும், மிகுதியை வந்து பேசித் தர வேண்டியும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற மார்கழியில் எங்கள் சனசமூக நிலையத்தில் தங்கள் உத்தியோகத்தர் திரு. தில்லைநாதன் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம், குறை சொல்ல நாக்கூசும். துருப்பிடித்த ஆணி ஒன்றைத் தூக்கிக் காட்டி, இரும்பை ஒட்சிசன் தின்பது போல நம் உடம்புக்குள்ளும் ஒட்சியேற்றம் நடக்கிறது, அது உடம்பின் நுண்ணிய கலங்களைப் பழுதாக்குகிறது, நாட்செல்ல அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம் என்று சிறுபிள்ளைக்கும் விளங்கச் சொன்னார். நெல்லிக்காய், முருங்கையிலை, பொன்னாங்காணி போன்றவற்றில் அந்தத் துருவைத் தடுக்கும் சத்து உண்டு என்றார். அந்த நேரம் பார்த்துக் கடைசிப் பஸ் வந்து கோர்ன் அடித்தது. ஐயா ஆணியையும் மேசையில் விட்டுவிட்டு ஓடினார்.

2. என் கணவர் முத்துக்குமாரு வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். துரு என்றால் அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி. வாயில் சுருட்டு அணைந்து நான் கண்டதில்லை. மறுநாளே கொடிகாமம் சந்தைக்குப் போய் ஒரு கடகம் நெல்லிக்காய் கொண்டுவந்தார். காலையில் நெல்லிக்காய், பிறகு சுருட்டு; மத்தியானம் முருங்கையிலை வறை, பிறகும் சுருட்டு. "சுருட்டு துருப்பிடிக்க வைக்கும், நெல்லிக்காய் துருவைத் தின்னும். ரெண்டும் சரிக்குச் சரி. நீ சும்மா இரு" என்பது அவர் வாதம். முன்பு ஒளித்துப் புகைத்த ஆண்களும் இப்போது நெஞ்சை நிமிர்த்திப் புகைக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

3. அன்று நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிப்போய், சுருட்டைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஐயா மிதிபலகையில் நின்றபடி, "அதுதானம்மா மிச்சம்! புகை அந்தப் பழுதை அள்ளிக் கொட்டும். எவ்வளவு நெல்லிக்காய் திண்டாலும் ஈடில்லை. புகையிலையை விடவேணும். வாயிலை ஆறாத புண், வெள்ளைப் படை கண்டால் உடனை டொக்டரிட்டைக் காட்டவேணும்" என்று கத்தினார். கேட்டது நானும் கொண்டக்டரும் மட்டுமே. வீட்டில் சொன்னால், நான் கட்டிய கதை என்கிறார் என் கணவர். கொண்டக்டரைச் சாட்சிக்கு அழைத்தேன். அவரும் சுருட்டுக்காரர்; காதில் ஒன்றும் விழவில்லை என்றுவிட்டார்.

4. ஐயா, இனி எழுதுவது பகிடி அல்ல. என் கணவரின் இடக் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படை இருக்கிறது. பொங்கலுக்கு முன் அவர் கொட்டாவி விட்டபோது கண்டேன், இன்னும் ஆறவில்லை. நெல்லிக்காய்ப் புளிப்பு என்கிறார். ஆஸ்பத்திரிப் பேச்செடுத்தால் எஞ்சினுக்குள் தலையை விடுகிறார். வள்ளத்து ஓட்டையை அடைக்காமல் மேலே பெயின்ற் பூசுகிறவனை விசரன் என்று ஏசுபவர், தன் வாய்க்கு மட்டும் அதையே செய்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

5. ஆயினும் அவர் சொல் தவறாதவர். "அந்த ஐயா வந்து தன்ரை வாயாலை சொல்லட்டும், அண்டைக்கே சுருட்டை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறன்" என்று நிலையத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். ஆகையால் திரு. தில்லைநாதன் அவர்களை மிகுதிப் பாதியுடன் விரைவில் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். காலைப் பஸ்ஸில் வரட்டும். ரோச் லைற் ஒன்றும் கொண்டுவரட்டும். பார்க்க வேண்டிய வாய்கள் இங்கு பல உண்டு. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். கறி உறைக்குமோ என்று அவர் யோசிக்க வேண்டாம். கணவருக்கு வாய் எரிகிறதென்று நான் மிளகாய்த்தூள் போடாமல் காய்ச்சத் தொடங்கி ஒரு மாதமாகிறது. நேற்றும் அவர் உறைக்குதென்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

அதனால்தான் விரைவில் என்று எழுதினேன்.

புளியடித்துறை,
20.02.1981

தங்கள் உத்தியோகத்தரின் வரவை எதிர்பார்த்திருக்கும்,
பூரணம் முத்துக்குமாரு