நான்கு முறை இல்லை

மரக்காணம்
11.7.2005

அன்புள்ள ஷாகிரா,

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மேரிசெல்வியின் மனநிலையைப் பார்க்க உன்னைத்தான் போட்டிருக்கிறார்களாம். நல்லது. என் வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண், வயது பதினான்கு. என் உப்பளத்தில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தின் மேல் மூடியிருந்த ஓலைக்குத் தீ வைத்தாள். காவலுக்கு இருந்த கலியனின் கை இரண்டும் வெந்துபோயின. என்னிடம் அவளே ஒப்புக்கொண்டாள். இப்போது புத்தி சரியில்லை, விசாரிக்கக் கூடாது என்கிறார் அவள் வக்கீல். பத்துக் கட்டளைகளையும் பிசகாமல் ஒப்பிப்பவளுக்கா? சொல்லிக்கொடுத்தவள் நான். பார்த்து எழுது.

அன்புடன்,
பிலோமினா

புதுச்சேரி
2.8.2005

அன்புள்ள பிலோ,

சர்க்கரை குறையவில்லை. புகார் கொடுத்தவள் என் தோழி என்று சிறார் நீதிக் குழுவிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதங்களும் கோப்பில் சேரும்.

குற்றச்சாட்டைப் புரிந்துகொண்டு அவளால் பதில் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. மூன்று நாள் பார்த்தேன். ஏழாம் கட்டளையைத் தனியாகக் கேட்டால் வரவில்லை. முதலிலிருந்து ஒப்பித்தால்தான் வருகிறது.

"ஜட்ஜ் எதுக்கு இருக்காரு?" என்றேன்.

"ஆமாங்கம்மா."

"போன டிசம்பர்ல கடல ஊருக்குள்ள கூட்டியாந்தது நீதானா?"

"ஆமாங்கம்மா, நாந்தான். இனிமே செய்ய மாட்டேன்."

சொல்லிக்கொண்டே தரையில் முட்டி போட்டாள். நான் போடச் சொல்லவில்லை. முட்டியில் பொடிப்பொடியாகத் தழும்பு.

உன்னிடம் 'ஆமாம்' சொல்வதற்கு முன் என்ன நடந்தது?

ஷாகிரா

மரக்காணம்
6.8.2005

ஷாகிரா,

கல் உப்பில் முட்டி போட வைத்தேன். கான்வென்டில் நாமும் மணலில் போட்டோம், கெட்டா போனோம்? என்னைச் சோதிக்கச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கவில்லை.

பிலோமினா

புதுச்சேரி
9.8.2005

திருமதி பிலோமினா அவர்களுக்கு,

குழு கூடுவது 22ஆம் தேதி. உங்கள் வாக்குமூலத்தை நம்பினால் பதினெட்டு வயதாகும்வரை அவளை அடைத்துவைக்கலாம்.

கெட்டுப்போகவில்லைதான். ஆனால் நான் உடைக்காத மைக்கூட்டுக்கு நானும் ஆமாம் என்றேன். அப்போது பக்கத்தில் முட்டி போட்டிருந்தவர் நீங்கள்.

டாக்டர் ஷாகிரா

மரக்காணம்
17.8.2005

ஷாகிரா,

இதையும் கோப்பில் சேர்.

தீ வைத்ததை யாரும் பார்க்கவில்லை. அடுப்படித் தீப்பெட்டி அவள் பாவாடை மடிப்பில் இருந்தது, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு உப்பில் முட்டி போட வைத்துக் கேட்டேன். "இல்லைங்கம்மா" என்றாள். அந்தச் சொல்லை அதுவரை அவள் என்னிடம் சொன்னதே கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கு ஒரு தரம் கேட்டேன். நான்கு முறை இல்லை. ஐந்தாம் முறை ஆமாம். ஐந்தாவதை மட்டும் போலீசிடம் சொன்னேன்.

22ஆம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். குழுவின் முன் நானே சொல்கிறேன். வயதானவள் என்று நாற்காலி போட்டால் உட்கார மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவை.

பிலோமினா