நேற்றைக்கு ஐந்து வாக்கியம்

இன்று வேடசந்தூர் பஸ்ஸில் மில் பெண்கள் நாலைந்து பேர் ஏறினார்கள். ஒருத்தியின் பின்னலில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூடவே அந்த மெஷின் எண்ணெய் வாடை. சட்டென்று நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்த நாம் இரண்டு பேருமே பத்தாவதில் இங்கிலீஷைக் கோட்டைவிட்டவர்கள். பாஸ் செய்தால் மில் ஆபீஸில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். பகல் ஷிப்ட் முடிந்ததும் கேண்டீன் பெஞ்சில் உட்காருவோம். முந்தைய நாள் நடந்ததை ஆளுக்கு ஐந்து வாக்கியம், இறந்தகாலத்தில். பிறகு நோட்டை மாற்றித் திருத்துவோம். குக் என்றால் குக்டு, வாஷ் என்றால் வாஷ்டு. கடைசியில் இ-டி சேர்த்தால் போதுமென்று நீ எல்லாவற்றுக்கும் சேர்த்துவிடுவாய். கோ என்ற சொல்லுக்கும் சேர்த்துவிட்டு, "அத வென்ட்டுன்னு எவன்டி மாத்துனது?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாய்.

ஒரு நாள் உன் ஐந்தாவது வாக்கியம், நேற்று அவர் என்னை அடித்தார் என்பது. பீட் என்ற சொல்லுக்கும் இ-டி போட்டிருந்தாய். நான் அதை அடித்துவிட்டு, "பீட்டுக்கு இறந்தகாலமும் பீட்தான் புள்ள. மாறாது" என்றேன்.

"மாறவே மாறாதா?" என்றாய்.

அப்போதுதான் வாக்கியத்தைப் படித்தேன். உன் முழங்கை கன்றியிருந்ததையும் பார்த்தேன்.

"எம்புட்டு நாளாடி?"

"கல்யாணமானதுல இருந்து. தமிழ்ல சொன்னா அழுதுருவேன். அதான் எழுதுனேன்."

அன்றே உன்னை என் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா இன்னொரு தட்டு வைத்தாள். மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் மில் கேட்டில் வந்து நின்று கத்தினார். நீ, "நான் வரல. நீங்க போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வேலைக்குப் போய்விட்டாய்.

அந்தப் பரீட்சையில் நீ பாஸ், நான் பெயில். ஆபீஸ் நாற்காலி கிடைத்த பிறகும் தினமும் கேண்டீனுக்கு வந்து, "எங்க நேத்து அஞ்சு?" என்று என் நோட்டைப் பிடுங்கினாய். அடுத்த தடவை நானும் தேறினேன்.

போன வருசம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "நாளைக்கு வாரியா?" என்று கேட்டாய். வாரேன் என்றேன். வந்தேன், நீ இல்லை.

இப்போது சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன். நோட்டை நீட்டினால் உடனே சிவப்புப் பேனாவைத் திறப்பதில்லை. என்ன நடந்திருக்கிறது என்று முதலில் படிக்கிறேன். தப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.