செல்வியின் கழுத்துக் கட்டி

ஆவணி, வெள்ளிக்கிழமை

நாத்தனார் செல்வியின் தைராய்டு கட்டி புற்று இல்லையாம். ஊசிப் பரிசோதனையில் தெளிவாகாததால், கட்டியில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "அதெல்லாம் வியாபாரம், அறுத்துடு" என்று சோதனைக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன் நான்.

சிறுவாச்சூர் கோயிலிலிருந்து நேரே வந்தாள். "கத்தி வேணாமாம் அண்ணி. அப்பப்ப ஸ்கேன் பாத்தா போதுமாம்."

"அந்தச் சோதனையும் சில நேரம் தப்பாகும்" என்றேன். உண்மைதான். ஆனால் என் பேச்சு பொய்த்தது பொறுக்காமல்தான் சொன்னேன்.

அவள் கை கழுத்துக்குப் போனது. "காலேஜ்ல பாடம் எடுக்குறவங்க நீங்க. அப்ப அறுத்துக்கவா அண்ணி?"

காபி போட எழுந்துவிட்டேன். அவள் குடித்துவிட்டு அரியலூர் பஸ் ஏறினாள்.

இப்போதாவது போன் செய்து அறுக்க வேண்டாம் என்று சொல்லலாம். தூங்கியிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். தூங்கியிருக்க மாட்டாள்.