கன்னட எம்.ஏ.

ஜூலை 7, இரவு

"அத்தை, எம்.ஏ. எதுல சேரட்டும், கன்னடமா இங்கிலீஷா?" என்று தம்பி மகள் ஜெனிபர் போன வாரம் கேட்டாள். இரண்டிலும் ஒரு கதையை வாய்விட்டுப் படி, எது நிறுத்தவிடாதோ அதை எடு என்றேன். கன்னடத்தை எடுத்தாள்.

சந்தோஷப்படுவான் என்று நம்பி இன்று நானே தம்பி வீட்டுக்குப் போய் அவனிடம் சொன்னேன். "கான்வென்ட்ல இங்கிலீஷ் டீச்சர் வேலை பேசி வெச்சிருக்கேன், கன்னடம் கேக்குதா உனக்கு?" என்று குக்கர் மூடியால் ஜெனிபரின் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தடுக்கப்போன என்னையும் சுவரில் தள்ளினான்.

மாவுக்கட்டுப் போட்டு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். "அப்ளிகேஷன் போட நாளைக்குத்தான் கடைசி நாள். இடது கையில கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்கதானே அத்தை?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

"மன்னிச்சுடு மேரி அக்கா, காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தம்பி போன் செய்தான். எப்போதும் போல அழுதான்.

மேரி, இந்த ஒரு முறையாவது அவனுக்குக் கதவைத் திறக்காதே.