கிளினிக்குக்கு எண்ணெய் பூசிப் போன கால்

அடியே,

இன்று வவுனியா கிளினிக்கில் என் பக்கத்து வாங்கில் இருந்த மனுசியின் காலிலிருந்து நல்லெண்ணெய் மணந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் உன்னை நினைத்துச் சிரித்தது அவருக்கு எப்படித் தெரியும்?

முள்ளியவளையில் ஒரே பஸ் ஏறி, புதுக்குடியிருப்பில் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் நின்றுகொண்டே படிப்பித்தோம். பின்னேரம் டியூசன், அங்கேயும் நிற்பதுதான். உனக்குத்தான் முதலில் கெண்டைக்கால் நாளங்கள் முறுக்கிப் புடைத்தன. சேலையை இன்னும் இறக்கிக் கட்டி மறைத்தாய். பின்னேரமானால் நோவு தாங்காமல் முகம் சுருங்கும். சண்டைபிடித்துத்தான் உன்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

நீ செய்த வேலையைச் சொல்லட்டா? அசிங்கமான காலை டொக்டருக்குக் காட்டுவதா என்று, போவதற்கு முதல் நாள் லீவு போட்டுத் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக் கிடந்தாய். விடிய எண்ணெய் பூசி முழுகினாய். பஸ்ஸில் என் மடியிலேயே காலை நீட்டிக்கொண்டு வந்தாய். உள்ளே போனதும் கட்டிலில் ஏறிப் படுத்துச் சேலையை நாலு விரல் மட்டும் உயர்த்தினாய். வீக்கமும் இல்லை, புடைப்பும் இல்லை.

“நோ இருக்கோ?” என்று கேட்டார் டொக்டர்.

“இல்லை டொக்டர், சும்மா ஒருக்காக் காட்டிப்போட்டுப் போக வந்தனான்.”

எனக்கு வந்த விசர்க் கோபத்துக்கு உன்னை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் குளிசை எழுதி அனுப்பினார். நாலு மாதத்தில் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப் புண் வந்தது. அது ஆறவேயில்லை.

இரண்டாம் தரம் நீயாகவே புறப்பட்டாய். சீற் கிடைத்தும் இருக்கவில்லை, ஓமந்தை தாண்டியும் கம்பியைப் பிடித்தபடி நின்றாய். “டொக்டரிட்டைப் போறதெண்டால் வருத்தத்தையும் கூட்டிக்கொண்டு போகோணுமடி” என்றாய். அன்று நின்ற நிலையில் முழங்கால்வரை காட்டினாய். ஸ்கான் எடுத்து, நாளத்துக்குள் இருக்கும் கதவுகள் பழுதாகி ரத்தம் கீழே தேங்குகிறது என்றார்கள். இறுக்கக் காலுறை, நுரைமருந்து ஊசி, சூட்டால் நாளத்தை அடைக்கும் லேசர், வெட்டி எடுக்கும் பழைய ஒப்பரேஷன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார் டொக்டர். நீ விடுவாயா?

“அதை அடைச்சால் ரத்தம் எதாலை போகும்?”

“உள்ளுக்கை வேற பெரிய நாளங்கள் இருக்கு ரீச்சர். அதாலை போகும்.”

லேசர் செய்தாய். அன்று பின்னேரமே வாசல்வரை நடந்தாய். காலுறையை விடியக் கட்டிலை விட்டு இறங்குமுன்னரே போட்டாய். புண் காய்ந்தது. பிறகு போன வருடம், காலுக்குச் சம்பந்தமேயில்லாமல், ஒரு காலைப்பொழுதில் உன் நெஞ்சுத் துடிப்பு நின்றுபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது என் முறை. தொடையில் சிலந்திவலைபோல மெல்லிய நீலக் கோடுகள். அவற்றால் ஆபத்தில்லை, பார்வைக்குப் பிடிக்காவிட்டால் ஊசி போடலாம் என்றார் டொக்டர். ஆனால் இடது கெண்டைக்கால் உன்னுடையதுபோலவே புடைத்து, கணுக்கால் கறுக்கத் தொடங்கிவிட்டது. புண் வருமுன் செய்துவிடலாம் என்று லேசருக்குத் திகதி தந்தார். நீ போய் வந்த வழிதானே, எனக்குப் பயமில்லை. காலின் நோவை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பிறகு தாதி திகதியைக் குறித்தபடி கேட்டார். “அண்டைக்குக் கூட ஆர் வருவினம்?”

உனக்கு லேசர் செய்த அன்று வெளியே காத்திருந்தவள் நான். எனக்குப் புருசனுமில்லை, பிள்ளையுமில்லை. பொறுங்கோ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கூடப் பிறக்காத என்னைச் சித்தி என்றே கூப்பிடும் உன் மகளுக்குப் போன் எடுத்தேன். வர ஏலுமோ என்று கேட்டு முடிக்கவில்லை.

“இதென்ன கேள்வி சித்தி? நான் வராமல் வேற ஆர் வாறது?”

திரும்பிப் போய் அவளுடைய பெயரைச் சொன்னேன். என்ன முறை என்று தாதி கேட்டார்.

“மகள்” என்றேன். எழுதிவிட்டார்கள். சண்டைக்கு வராதே.