மூவாயிரம் துண்டுகளில் ஒரு கல்யாணம்

செப்டம்பர் 12, செவ்வாய்

மடிக்கணினியில் துண்டு சேர்க்கிற ஆட்டத்தில் ஏரிப் படம் முடிந்தது. இரண்டாயிரம் துண்டு, பதினொரு நாள். கடைசித் துண்டைக் காணோமென்று ஒரு மணி நேரம் திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சேர்ந்து கிடந்த பாறைக்கு அடியில் ஒளிந்திருந்தது, திருட்டுக் கழுதை. இந்த வீட்டில் வேறு யாரைத் திட்ட இருக்கிறது எனக்கு?

மதியத்துக்கு நேற்றைய ந்ஷிமாக் களியையே சுடவைத்துக்கொண்டேன். ஒருத்திக்காக எதற்கு மாவு கிண்டுவது.

செப்டம்பர் 14, வியாழன்

என் மகன் கலுபா போனில் கூப்பிட்டான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

சர்ச் விட்டு வரும்போது பக்கத்து வீட்டு மிசோஸி ஜெரே கூடவே வந்தாள். அவள் ந்கோனி இனம், நான் பெம்பா இனம். மாமன் மச்சான் முறை மாதிரிதான் எங்கள் இரண்டு கூட்டமும். திட்டிக்கொள்ள உரிமை உண்டு, கோபித்துக்கொள்ள உரிமை கிடையாது.

"குரங்குக் கறி தின்னுற கூட்டத்துக்கு இவ்வளவு ரோஷமா? பெத்த புள்ள கல்யாணம் முடிஞ்சு ஆறு வாரம் ஆச்சு. போட்டோவக்கூடப் பாக்க மாட்டியாக்கும்!"

"போடி எலி தின்னி. உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ."

சொல்லிவிட்டேனே தவிர மனசு கொதித்தது. வேறு நாட்டுக்கு, விண்ட்ஹூக்குக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைப் பார்த்து, தேதியும் குறித்துவிட்டு, அப்புறம் எனக்குச் சொல்கிறான். நம் பக்கத்திலிருந்து பெண் வீட்டுக்குத் தூது போக வேண்டாமா? ஒரு ஆள் போகவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை, சரி. தாயுமா செத்துப்போனாள்? வரமாட்டேன் என்றேன், போகவில்லை. நான் செய்தது தப்பா? இல்லை. இல்லவே இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

மிசோஸி பொல்லாதவள். சர்க்கரை கேட்டு வந்தவள், கலுபா தனக்கு அனுப்பிய கல்யாணப் படத்தை என் மடிக்கணினியில் ஏற்றி, மூவாயிரம் துண்டாக வெட்டிவிட்டாள்.

"பாக்க வேணாம். சேத்துக்கிட்டு இரு. அதத்தான எப்பவும் செய்யற?"

முழுப் படத்தை மறைத்துவைத்துத்தான் நான் சேர்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதெல்லாம் ஒரு ஆட்டமா? அழித்துவிடலாம் என்றுதான் கை போனது. சரி, ஓரத் துண்டுகளை மட்டும் பொறுக்கிப் பார்ப்போமே.

செப்டம்பர் 24, ஞாயிறு

நாலு ஓரமும் கட்டியாயிற்று. மிச்சத்தைத் திரையிலேயே தட்டுத் தட்டாகப் பிரித்தேன்: வானம் ஒரு தட்டு, புல் ஒரு தட்டு, ஆண்களின் கறுப்புக் கோட்டு ஒரு தட்டு. அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தியிருக்கிற இளஞ்சிவப்புக் கோடு போட்ட துணி லேசில் சேருகிறது. எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நானில்லாத கல்யாணத்தில் அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

அவனுடைய துண்டுகள் தெரிந்துவிட்டன. ஒரு துண்டில் காதுமடல், ஒன்றில் விரல். பெற்றவளுக்குத் தெரியாதா? முகமும் கையுமாகப் பதினாறு துண்டு. தனித் தட்டில் போட்டு மூடிவிட்டேன்.

செப்டம்பர் 28, வியாழன்

மின்வெட்டு. மடிக்கணினியும் செத்துப்போச்சு. சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். தனியா இருக்கேன். எழுதினா என்ன, கொறஞ்சா போயிடுவேன்? தனியா இருக்கேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

பெண்ணின் முகம் சேர்ந்தது. ந்தபேவா என்று பெயர். நல்ல களை. ஆனால் அவள் மட்டும் சிரிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கிப் பக்கத்தில் பார்க்கிறாள். பக்கத்தில் அவன். அந்த இடம் இப்போதைக்கு ஓட்டை.

கறுப்புக் கோட்டுத் தட்டில் நாலு துண்டு மிச்சம். யார் கோட்டிலும் பொருந்தமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 4, புதன்

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. மூடிய தட்டைத் திறந்தேன்.

தாடை, மூக்கு, கண். இளைத்திருக்கிறான். சிரிக்கவில்லை. கேமராவையே பார்க்கவில்லை. விரல்களைக் காதோரம் வைத்தேன் — அந்த நாலு கறுப்புத் துண்டும் கைக்கும் காதுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டன. கோட்டு இல்லை. போன். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, காதில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறான் என் பிள்ளை.

கல்யாணத்தன்னிக்கு நான் போனை அணைச்சு மாவு டின்னுக்குள்ள போட்டு மூடிட்டேன். நாள் பூரா. அடிப்பாவி. யாரைக் கூப்பிட்டானோன்னு இனிமே கேக்கணுமா? அடிப்பாவி, அடிப்பாவி.

அக்டோபர் 5, வியாழன்

கூப்பிட்டேன். "அம்மாவா?" என்றான். "சாப்டியாடா?" என்று கேட்டேன். அதற்குப் போய் அழுகிறான், தடிமாடு.

அக்டோபர் 22, ஞாயிறு

புதுப் படம். ஐயாயிரம் துண்டு. ஒரே படத்தை ந்தபேவா அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் சேர்க்கலாமாம், கலுபா ஏற்பாடு செய்து கொடுத்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு இழவும் தெரியவில்லை. ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் ஆரம்பிக்கிறாள். நான் ஒதுக்கிவைப்பதை எல்லாம் கலைக்கிறாள். திட்டினால் போனிலேயே சிரிக்கிறாள்.

"அத்தை, இந்த நீலத் துண்டு எங்க போகும்? அரை மணி நேரமா தேடறேன்."

எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"தெரியலையேம்மா," என்றேன். "தேடு, தேடு. என்ன அவசரம்?"